பொருள்: அப்பாவின் கேஸ் ஷீட்டைத் தராமல் நான்கு முறை அலைக்கழித்தது குறித்து

மதிப்பிற்குரிய நிர்வாக அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 11 அன்று உங்கள் தஞ்சாவூர் கிளையில் என் அப்பாவுக்கு இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. 38,000 ரூபாய் பேக்கேஜ். எந்த லென்ஸ் வைத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய கார்டுகூட எங்களுக்குத் தரவில்லை.

ஏப்ரல் 22 அன்று எழுத்து மூலமாகவே கேஸ் ஷீட் கேட்டேன். கிளையில் கேட்டால் தலைமை அலுவலகம் என்கிறார்கள், அங்கே மெயில் போட்டால் கிளையைக் கேட்கச் சொல்கிறார்கள். மூன்றாவது முறை, பட்டுக்கோட்டையிலிருந்து ஐந்து மணி பஸ் பிடித்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, ரெக்கார்டு கவுண்டரில் இருந்த பெண் சொன்னது: "கேஸ் போடத்தானே கேக்குறீங்க? போடுங்க, பாத்துக்கலாம். வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்." அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நாற்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் யாரென்று உங்கள் டியூட்டி சார்ட்டைப் பார்த்தாலே தெரியும்.

மங்கவில்லை ஐயா, போய்விட்டது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே கண் சிவந்து, வலி தாங்காமல் அப்பா துடித்தார். உங்கள் ஹெல்ப்லைனில் "சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள்" என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் சிவப்பும் பார்வைக் குறைவும் சேர்ந்து வந்தால் கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும் என்பது கண் ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஐந்தாம் நாள் வேறு ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டு, விட்ரெக்டமியும் (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை அகற்றும் ஆபரேஷன்) செய்தார்கள். இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. எங்கள் குடும்பமே இருட்டில் கிடக்கிறது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் "நிலை திருப்திகரம்" என்று இருக்கிறது!

தொற்று யாருக்கும் வரலாம், அதற்காக மட்டும் டாக்டரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. போனில் சொன்னபோது ஏன் வரச் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் அந்த ஃபைலில் இருக்கிறது.

கேட்ட 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறைகளே சொல்கின்றன. தயவுசெய்து கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், லென்ஸ் ஸ்டிக்கர், ஹெல்ப்லைன் அழைப்புப் பதிவு எல்லாவற்றையும் ஏழு நாளில் அனுப்பிவையுங்கள். அந்தப் பெண் அப்பாவிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

வராவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. நீங்கள் வாங்கிய தொகைக்கு அங்கே மனுக் கட்டணம்கூடக் கிடையாது.

நான்காவது முறை வந்தபோது கவுண்டரே பூட்டியிருந்தது. ஐந்தாவது முறை நாங்கள் வரமாட்டோம், தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்