மோலை வெள்ளைக்கல்லில் தொடங்குங்கள்: வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆசிரியன் இல்லை. வெள்ளைக்கல்லைச் சுட்டு உலைச் செங்கல் செய்கிற தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில், தராசுக்கு முன்னால் உட்கார்ந்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். வேலை முடிந்ததோடு வேதியியலும் என்னை விட்டுப் போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வருஷம் பேத்தி பதினொன்றாம் வகுப்புக்கு வந்தாள். முதல் பாடம், உங்களுக்குத் தெரியும், வேதியியலின் அடிப்படைக் கருத்துகளும் வேதிக் கணக்கீடுகளும். அதை அவள் படிக்கும் விதத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் பெட்டி கட்டி ஒரு சூத்திரம்: நிறையை மோலார் நிறையால் (ஒரு மோலின் எடையால்) வகுத்தால் மோல், அதாவது அணு, மூலக்கூறு எண்ணிக்கையைச் சொல்கிற அலகு. கணக்கெல்லாம் சரியாகவே போடுகிறாள். சும்மா ஒரு கேள்வி கேட்டேன். “10 கிராம் ஹைட்ரஜனும் 10 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகுது. எது முதலில் தீரும்?”

“ஹைட்ரஜன்தான் தாத்தா. அதுதானே ரெண்டு வேணும்?”

தப்பு. 2 கிராம் ஹைட்ரஜனுக்கு 16 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் 10 கிராம் ஆக்சிஜன் இழுத்துக்கொள்வது 1.25 கிராம் ஹைட்ரஜனைத்தான். ஆக்சிஜன் தீர்ந்துவிடும், 8.75 கிராம் ஹைட்ரஜன் சும்மா நிற்கும். 2H₂ + O₂ → 2H₂O என்ற சமன்பாட்டில் இருக்கும் ‘இரண்டு’ எண்ணிக்கை. தராசு காட்டும் ‘பத்து’ எடை. இரண்டையும் அவள் ஒரே கூடையில் போட்டுவிட்டாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. இதே இடத்தில் பெரிய பெரிய ஆட்களே வழுக்கியிருக்கிறார்கள். தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றுதான் டால்டன் வைத்திருந்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவு வாயுக்களில் மூலக்கூறு எண்ணிக்கை சமம் என்று அவகாட்ரோ 1811இல் சொல்லியும் யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் அணு எடைக் குழப்பம் மெல்லத் தெளிய ஆரம்பித்தது. ஏறத்தாழ ஐம்பது வருஷம்! நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்துக்கு ஒதுக்குவது சில வாரம். அதில் பாதி சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே போய்விடுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மோலில் உள்ள எண்ணிக்கையான 6.022 × 10²³ஐப் பலகையில் எழுதுவதற்கு முன்னால், வகுப்பில் ஒரு தராசை வையுங்கள்.

என் அம்மா செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டில் இருந்தபடியே கொலுசு வேலை செய்தவர். பட்டறையில் சின்னச் சின்ன வளையங்களை எண்ணிக் கொடுக்கமாட்டார்கள். நூறை எண்ணி எடை போட்டுப் பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் ஆயிரமோ பத்தாயிரமோ எல்லாம் தராசில்தான். மோல் என்பதும் இதே வேலைதான். எண்ண முடியாத அளவுக்குச் சின்னதாக இருப்பதை நிறுத்து எண்ணுவது. எந்தப் பாடநூல் விளக்கமும் எனக்கு இதைவிட நன்றாகப் புரிந்ததில்லை.

வெள்ளியின் அணு எடை ஏறத்தாழ 108. கலப்பில்லாத வெள்ளி 108 கிராம் எடுத்தால் அதில் ஒரு மோல் அணு. (அர்ச்சனைக்கும் 108, ஆம்புலன்ஸுக்கும் 108. இதுவும் 108 என்றால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.) அலுமினியத்துக்கு 27. ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டி, மேட்டூரில் அதிலிருந்து அலுமினியம் எடுத்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். 27 கிராம் அலுமினியத்திலும் 108 கிராம் வெள்ளியிலும் அணு எண்ணிக்கை ஒன்றே, எடை மட்டும் நாலு மடங்கு. எவ்வளவு எண்ணிக்கை என்று கேட்டால் 602 கோடி கோடி கோடி என்று சொல்லுங்கள். அடுக்குக்குறியில் எழுதினால் அது வெறும் குறியாக நின்றுவிடுகிறது. மூன்று தடவை கோடி என்று வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைகள் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். போகிற போக்கில் இன்னொன்று. ‘12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை’ என்ற பழைய வரையறை 2019 மே 20 முதல் நடப்பில் இல்லை. இப்போது அந்த எண்ணையே 6.02214076 × 10²³ என்று நிலையாக வைத்துவிட்டார்கள். பழைய நோட்ஸை அப்படியே ஜெராக்ஸ் எடுப்பவர்கள் கவனிக்க.

இனி என் சொந்தச் சரக்குக்கு வருகிறேன். சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கும் கரடுகளுக்கு வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அங்கே இருப்பது சாக் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். நம் ஊர்க்காரர்கள் வெள்ளைக்கல் என்று சொல்வது எவ்வளவோ நேர்மையான பெயர்.

எங்கள் ஆய்வகத்தில் தினமும் நடந்தது ஒரே சடங்கு. தூளாக்கிய கல்லில் 1 கிராம் எடுத்துக் குரூசிபிளில் (சூடு தாங்கும் சின்னக் கிண்ணம்) போட்டு, மஃபிள் உலை என்கிற மூடிய ஆய்வக உலையில் 1000 டிகிரியில் வைப்போம். ஆறிய பிறகு மறுபடி எடை. குறைந்த எடைக்கு எல்.ஓ.ஐ. (லாஸ் ஆன் இக்னிஷன், சுடும்போது ஆகும் இழப்பு) என்று பெயர். சுத்தமான மக்னசைட் என்றால், மோலார் நிறைக் கணக்கில், 84.3 பங்கில் 44 பங்கு கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிட, 40.3 பங்கு மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். 1 கிராம் 0.478 கிராம் ஆகும், இழப்பு 52.2 சதவீதம். இழப்பு 50 சதவீதம்தான் என்றால், வேறு கார்பனேட் கலக்காத பட்சத்தில், கல்லில் மக்னசைட் சுமார் 96 சதவீதம், மீதி சிலிக்கா போன்ற சமாச்சாரம். மோல், சதவீத இயைபு, தூய்மை, வேதிக் கணக்கீடு என்று நீங்கள் தனித்தனியாக நடத்துகிற நாலும் அந்த ஒரு குரூசிபிளுக்குள் கிடந்தன.

ஒரு முறை புதிதாகச் சேர்ந்த கணக்குப்பிள்ளை ஒருவர் மேலதிகாரியிடம் போய், உலைக்குள் போகிற டன்னுக்கும் வெளியே வருகிற டன்னுக்கும் கணக்கு ஒட்டவில்லை, பாதிக்கு மேல் திருட்டுப் போகிறது என்று புகார் கொடுத்துவிட்டார். திருடன் புகைபோக்கி வழியாகப் போயிருந்தான். ரொம்ப நாள் அவரை வைத்துச் சிரித்தோம். இப்போது யோசித்தால், நிறை எங்கே போனது என்று கேட்டதற்காக அவருக்குத்தான் மார்க் போடவேண்டும்.

சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் கார்பனேட். ஆனால் சுட்டால் இழப்பு 44 சதவீதம்தான். இரண்டு கல்லிலும் ஒரு மோலுக்குப் போவது அதே 44 கிராம் வாயு. கால்சியம் மக்னீசியத்தைவிடக் கனம் என்பதால் விகிதம் குறைகிறது. ஏன் என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும், வெள்ளைக்கல் லேசில் அசையாது. சுரங்கத்தில் கல் பிரிக்கவே இது உதவும்.

அப்புறம் மக்னீசிய நாடா. எல்லாப் பள்ளியிலும் எரித்துக் காட்டுகிறீர்கள். கண் கூச, பிள்ளைகள் கைதட்ட, முடிந்தது. (நேராகப் பார்க்கவேண்டாம் என்று சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.) 24 கிராம் நாடா எரிந்தால் 40 கிராம் வெள்ளைத்தூள். 84 கிராம் வெள்ளைக்கல் வெந்தாலும் அதே 40 கிராம் வெள்ளைத்தூள். ஒன்று காற்றிலிருந்து வாங்கி எடை கூடுகிறது, இன்னொன்று காற்றுக்குக் கொடுத்து எடை குறைகிறது. வந்து சேரும் இடம் ஒன்றுதான். நிறை அழிவின்மை விதிக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணிக்கு, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடுகிற பொருளுக்கு, நம் தட்டுவடை செட் போதும். ஒரு செட்டுக்கு இரண்டு தட்டுவடை, நடுவில் ஒரு பிடி துருவல். ஐம்பது தட்டுவடையும் முப்பது பிடி துருவலும் இருந்தால் இருபத்தைந்து செட், மீதி ஐந்து பிடி. இது எல்லோருக்கும் வரும். அதையே கிராமில் கொடுத்துக் கேளுங்கள், அங்கேதான் பேத்தி மாட்டினாள்.

ஒரு மோல் வாயுவின் கன அளவு 22.4 லிட்டர் என்பதையும் ஏதோ மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். அது 0 டிகிரிக்கும் 1 அட்மாஸ்பியர் அழுத்தத்துக்கும் மட்டும்தான். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காடு போவதற்குள், வெளியே காற்றழுத்தம் குறைவதால், உப்பிவிடும். உள்ளே இருக்கும் மூலக்கூறுகளில் ஒன்றுகூடக் கூடவில்லை.

உங்களிடம் மஃபிள் உலை இருக்காது, தெரியும். மயில்துத்தம் (நீரேறிய காப்பர் சல்பேட்) எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் இருக்கும். 5 கிராமைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, நீலம் போய் வெளுக்கும்வரை நிதானமாகச் சூடாக்கி, ஆறியதும் நிறுத்துப் பாருங்கள். 3.2 கிராமுக்குப் பக்கத்தில் வரவேண்டும், ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து மூலக்கூறு வீதம் போனது நீர். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கறுத்துவிடும், கணக்கும் போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நீலம் திரும்பி வருவதையும் காட்டுங்கள். முழுசாக ஒரு பீரியட் போகும். அந்த ஒரு பீரியடை மட்டும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பள்ளித் தராசு பழுது என்றால் பக்கத்தில் எந்த வெள்ளிப் பட்டறையிலும் கேட்டுப்பாருங்கள், இரண்டு தசமம் காட்டும் தராசு வைத்திருப்பார்கள். மயில்துத்தத்தை மட்டும் அவர்கள் தட்டில் நேராகக் கொட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய லேப் ஆள் ஒருவன்,
சேலம்