இடைவேளையில் அளந்த எண்களை வெளியிடுங்கள்: அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-இன் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் ரோஜர் குடெல் அவர்களுக்கும், என்.எஃப்.எல் போட்டி விதிகள் குழுவினருக்கும்,

வணக்கம்.

2015 ஜனவரி 18 அன்று ஃபாக்ஸ்பரோவில் பேட்ரியாட்ஸ், கோல்ட்ஸ் அணிகள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பேட்ரியாட்ஸ் 45–7 என்று வென்ற முடிவு, அவர்கள் தங்கள் பந்துகளில் காற்றை இறக்கினார்கள் என்ற புகார், 243 பக்க விசாரணை அறிக்கை, அவர்களின் நட்சத்திர வீரர் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை, அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பறிபோன இரண்டு வாய்ப்புகள், அப்புறம் இரண்டு நீதிமன்றங்கள். எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. நாங்கள் கேட்பது அதற்கு அடுத்த கோப்பை. 2015 சீசனில், நீங்களே வகுத்த புதிய முறைப்படி, சில ஆட்டங்களின் இடைவேளையில் உங்கள் நடுவர்கள் இரு அணிப் பந்துகளையும் அளந்து எழுதிவைத்தார்கள். அந்த எண்களை வெளியிடுங்கள்.

இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று நினைக்கலாம். ஒருவரைத் தண்டித்தது பந்தின் அளவை வைத்து. குளிரில் ஆடும்போது பந்தின் அளவு இயல்பாக எவ்வளவு இறங்கும் என்பதற்கு உங்களிடம் மைதானத்தில் எடுத்த கணக்கு இருக்கிறது. அதை மட்டும் மூடி வைத்திருக்கிறீர்கள்.

அந்த இரவு நடுவர்கள் அறையில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இடைவேளை பதின்மூன்று நிமிடம் சொச்சம். மேசையில் பந்தின் காற்றழுத்தம் பார்க்கும் இரண்டு கேஜ். ஒன்றில் வில்சன் முத்திரை. அதன் ஊசி நீளமாகவும் வளைந்தும் இருந்தது. இன்னொன்றில் முத்திரை இல்லை. ஒரே பந்தில் இரண்டையும் குத்தினால் முத்திரை போட்டது 0.3 முதல் 0.45 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அலகு) வரை கூடுதலாகக் காட்டும். ஆளுக்கொரு கேஜை வைத்து இரண்டு நடுவர்கள் அளந்தார்கள். பேட்ரியாட்ஸின் 11 பந்துகளையும் முதலில் அளந்து முடித்தார்கள். அதன் பிறகுதான் கோல்ட்ஸின் பந்துகளைக் கையில் எடுத்தார்கள். நான்கு பந்துகளோடு நேரம் முடிந்துவிட்டது. எந்தப் பந்தை எந்த நிமிடத்தில் அளந்தார்கள் என்று எழுதவில்லை. அறையின் வெப்பநிலையை எழுதவில்லை. பந்து ஈரமா காய்ந்ததா என்று எழுதவில்லை. ஆட்டத்துக்கு முன்பு நடுவர் எந்த கேஜால் பார்த்தார் என்பதற்கும் எழுத்தில் எதுவும் இல்லை. முத்திரை போட்ட கேஜ்தான் என்று அவர் நினைவிலிருந்து சொன்னார். உங்கள் அறிக்கையோ, இல்லை, மற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது. அவர் சொன்ன மற்ற எண்களையெல்லாம் நம்பிய அறிக்கை, இந்த ஒன்றில் மட்டும் அவர் நினைவை ஒதுக்கியது.

இந்த ஒன்றில்தான் வழக்கே நிற்கிறது. கேஜ் காட்டுவது பந்துக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். விதியின் கீழ் எல்லையும் பேட்ரியாட்ஸ் பந்துகள் தொடங்கிய அளவுமான 12.5 என்று காட்டினால் உள்ளே இருப்பது, வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்து, 27.2. குளிரில் சுருங்குவது இந்த 27.2. 71 டிகிரி ஃபாரன்ஹீட் அறையில் 12.5 காட்டிய பந்தை 48 டிகிரி மைதானத்துக்குக் கொண்டுபோனால் 27.2 என்பது 26.02 ஆகிவிடும். 14.7-ஐக் கழித்தால் மிச்சம் 11.32. யாரும் ஊசி குத்தாமலே ஏறத்தாழ 1.2 பி.எஸ்.ஐ போய்விடுகிறது. உங்கள் விசாரணைக்கு வேலை செய்த எக்ஸ்போனென்ட் நிறுவனமே 11.32 முதல் 11.52 வரை என்றுதான் கணக்குப் போட்டது.

இனி அளந்த எண்கள். பேட்ரியாட்ஸ் பந்துகளின் சராசரி முத்திரை போட்ட கேஜில் 11.49, மற்றதில் 11.11. நடுவர் நினைவு சரியென்றால் ஒப்பிட வேண்டியது 11.49-ஐ. அது இயற்கை இறக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது; 11 பந்துகளில் 8 பந்துகள் 11.32-க்கு மேலே நிற்கின்றன. நினைவு தவறென்றால் 11.11, அப்போது கொஞ்சம் குறைகிறது. ஒருவரின் பெயரும் ஒரு அணியின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பும் இந்த 0.38-க்குள் அடங்கியிருந்தன.

கோல்ட்ஸ் பந்துகள் அவ்வளவாக இறங்கவில்லையே என்பது அறிக்கையின் வலுவான வாதம். அவை 13.0 அல்லது 13.1-இல் தொடங்கி, இடைவேளையில் ஒரு கேஜில் சராசரி 12.63, இன்னொன்றில் 12.44 காட்டின. ஆனால் அவற்றைக் கடைசியில் அல்லவா அளந்தீர்கள்? குளிரிலிருந்து அறைக்குள் வந்த பந்து நிமிடத்துக்கு நிமிடம் சூடேறும், அழுத்தமும் கூடவே ஏறும். ஈரமான பந்து மெதுவாக ஏறும், காய்ந்த பந்து சீக்கிரம் ஏறும். ஒரு அணியின் பந்தை வந்தவுடனும் மறு அணியின் பந்தைப் பல நிமிடம் கழித்தும் அளந்துவிட்டு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? டயரில் காற்றுப் பார்க்கும் எவருக்கும் தெரியும், ஓடி நின்ற வண்டியையும் இரவெல்லாம் நின்ற வண்டியையும் ஒரே கணக்கில் பார்க்கக்கூடாது என்று. அந்த நான்கு கோல்ட்ஸ் பந்துகளிலும் மூன்று, ஒரு கேஜில் 12.5-க்குக் கீழே இருந்தன. இன்னொரு கேஜில் சரியாக இருக்கிறது என்று அப்படியே திருப்பி அனுப்பினீர்கள்.

பேட்ரியாட்ஸ் தரப்பில் தவறே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பந்துப் பைகளோடு ஒரு ஊழியர் கழிவறைக்குள் 1 நிமிடம் 40 வினாடி இருந்தது உண்மை. ஊழியர்களின் குறுஞ்செய்திகள் படிக்க நன்றாக இல்லை. பிரேடி தன் செல்பேசியை அழித்ததும் யாரும் மெச்சும் காரியமல்ல. அதனாலேயே எண்கள் சுத்தமாக இருந்திருக்க வேண்டும். சந்தேகம் வலுவாக இருக்கும் இடத்தில் அளவு இன்னும் கறாராக இருக்க வேண்டாமா?

மறுநாள், ஜனவரி 19 அன்று, உங்கள் அலுவலகம் பேட்ரியாட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பந்து 10.1-தான் இருந்தது என்று சொன்னீர்கள். அப்படி ஒரு பந்து அந்தப் பட்டியலில் இல்லை. 12 பந்துகளில் 11 பந்துகள் 2 பி.எஸ்.ஐ குறைவு என்று தொலைக்காட்சிச் செய்தி ஓடியது, அதுவும் பொய். சரியான எண்கள் உங்கள் மேசையில் இருந்தன. மக்களுக்குத் தெரிந்தது மே மாதம் அறிக்கை வந்தபோது. அந்த மூன்றரை மாதத்தில் ஊரே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. பிறகு மேல்முறையீடு, அதையும் ஆணையரே விசாரித்தார். குற்றம் சாட்டியவரே தண்டனை கொடுத்து, அது சரியா என்று பார்க்கவும் அவரே உட்கார்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2–1 என்று உங்கள் பக்கம் தீர்ப்பளித்தது, ஒப்பந்தம் உங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பதால். காற்று இறக்கப்பட்டதா என்று அந்த நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை.

2014 நவம்பர் 30 அன்று மினசோட்டாவில், வைக்கிங்ஸ்–பாந்தர்ஸ் ஆட்டத்தில், மைதான ஓரத்து ஹீட்டரில் பந்தைச் சூடுகாட்டியது கேமராவில் பதிவானது. விதிக்குப் புறம்பான அந்தச் செயல் ஒரு நினைவூட்டலோடு முடிந்தது. ஏழு வாரம் கழித்து ஃபாக்ஸ்பரோவில் அளவுகோல் மாறிவிட்டது.

சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டோம், மன்னியுங்கள். எண்களுக்கு வருவோம்.

2016 ஜனவரி 10 அன்று மின்னியாபொலிஸில் சீஹாக்ஸ் 10–9 என்று வைக்கிங்ஸை வென்றது. ஆட்டம் தொடங்கும்போது மைனஸ் 6 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 21 செல்சியஸ். அறையில் 13.0 வைத்த பந்து அந்தக் குளிரில் ஊறினால் கணக்குப்படி 9.0 அளவுக்கு வந்துவிடும். விதிப்புத்தகமோ 12.5 முதல் 13.5 வரை என்கிறது. எந்த வெப்பநிலையில் என்று சொல்வதில்லை. அன்று மைதானத்தில் உருண்ட ஒரு பந்துகூட விதிக்குள் இருந்திருக்க முடியாது. யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. நீங்கள் இடைவேளை அளவுகளைச் சேகரித்துக்கொண்டிருந்த அதே சீசன் அது. குளிர்கால ஆட்டங்களின் எண்கள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா இல்லையா? அதைத்தான் கேட்கிறோம். அது வெறும் திடீர்ச் சோதனை, ஆய்வு அல்ல என்று சொல்லிவிட்டீர்கள். ஆய்வு வேண்டாம். எழுதிய தாளைக் காட்டினால் போதும். அந்த எண்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2022-இல் செய்தி வந்தது. செய்தி தவறென்றால் எண்களை வெளியிடுங்கள். சரியென்றால் யார் சொல்லி, எதற்காக அழித்தார்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

விதிகள் குழுவினரிடம் இன்னொன்று. அளக்கும் முறையையும் திருத்துங்கள். பெரிய செலவு இதில் இல்லை. எல்லா மைதானத்துக்கும் ஒரே வகை டிஜிட்டல் கேஜ், சீசன் தொடங்கும் முன் ஒரு தலைமைக் கேஜோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது, எண்ணிட்டு முத்திரை வைத்தது. ஆட்டத்துக்கு முன்பு அளக்கும்போது பந்து அந்த அறையின் வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். கையால் நன்றாகத் தேய்த்த பந்து கொஞ்ச நேரத்துக்கு அரை பி.எஸ்.ஐ-க்கு மேலேகூடக் கூடுதலாகக் காட்டும்; ஆகவே தேய்த்து அரை மணி நேரமாவது ஆறவிட்டு அளக்க வேண்டும். அறை வெப்பநிலையை அளவோடு சேர்த்தே எழுத வேண்டும். இடைவேளையில் இந்த அணிப் பந்து ஒன்று, அந்த அணிப் பந்து ஒன்று என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரமும் ஈரமா காய்ந்ததா என்பதும் குறிக்க வேண்டும். ஊசியை ஈரமாக்கி, ஒரே தடவை குத்தி, ஒரே தடவை படிக்க வேண்டும். குத்தும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்று போகும். பிறகு 12.5 என்ற தனி எண்ணை வைத்துப் பார்க்காமல், அந்த நேரத்து வெப்பநிலைக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அதோடு ஒப்பிட வேண்டும். ஒரே பக்கத்தில் எழுதக்கூடிய அட்டவணை இது. அதை ஆட்டக் குறிப்போடு அந்த வாரமே வெளியிட்டால் எந்த ஊழியர் மீதும் எந்த ஆட்டக்காரர் மீதும் வீண்பழி விழாது. உண்மையிலேயே காற்றை இறக்கியவரும் தப்ப முடியாது.

பிரேடி நான்கு ஆட்டத் தடையை அனுபவித்து முடித்தார், அதே சீசனில் கோப்பையும் வென்றார். அவருக்காக இப்போது யாரும் வாதாட வேண்டியதில்லை. பந்துப் பையைத் தூக்கும் ஊழியர்களுக்கு அப்படி ஒரு கோப்பை கிடைக்காது. அடுத்த குளிர்கால ஆட்டத்தில் ஒரு பந்து 11.2 காட்டினால், அந்தக் கையில்தான் பழி வந்து நிற்கும்.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். 2015 சீசனின் இடைவேளை அளவுகளை, ஆட்டத்தின் தேதியோடும் அணிகளின் பெயரோடும் வெப்பநிலையோடும், அப்படியே வெளியிடுங்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
இந்த ஆட்டத்தைத் தமிழில் பேசியும் எழுதியும் வரும் ரசிகர்கள்