கிழங்குக் கழிவுநீரும் ஒரு செம்பாசியும்: ஜவ்வரிசி ஆலையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலை உரிமையாளர்களுக்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஆத்தூர்ப் பக்கம் வசிஷ்ட நதிக்கரையில் வளர்ந்து, உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரவை நடக்கும் மாதங்களில் ஆலைக் கழிவுநீரின் புளித்த வாடை எங்கள் கிணற்றடி வரை வரும். உங்களில் பலர் அந்நீரிலிருந்து எரிவாயு எடுக்கிறீர்கள் என்பதை மதிக்கிறேன். அதோடு நின்றுவிடாமல், அந்நீரில் ஒரு பாசியையும் வளர்த்துப் பாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

கால்டியேரியா சல்ஃபுராரியா என்பது செம்பாசி இனத்தைச் சேர்ந்த ஒற்றைச்செல் நுண்பாசி. சிவப்பு நிறமி இல்லாததால் பார்வைக்கு நீலப்பச்சையாகத்தான் இருக்கும். நேப்பிள்ஸ் அருகே உள்ளவை போன்ற கந்தக வெந்நீர் ஊற்றுகளில் வாழும் இப்பாசி, எலுமிச்சைச் சாற்றை விஞ்சும் புளிப்பையும் 56 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தையும் தாங்கும். வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்யும். இருட்டில் வைத்தால் சர்க்கரை, கிளிசரால் முதலிய 50க்கும் மேற்பட்ட கரிமப் பொருள்களை உண்டு பெருகும். 2013இல் இதன் மரபணுத்தொகுதி வெளியானபோது, குறைந்தது 5 விழுக்காட்டு மரபணுக்கள் பாக்டீரியா, ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களிடமிருந்து வந்து சேர்ந்தவை என்று தெரியவந்தது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நகரக் கழிவுநீரை இப்பாசியைக் கொண்டு தூய்மையாக்கிப் பார்த்திருக்கிறார்கள். இதிலுள்ள பைக்கோசயனின் என்னும் நீல நிறமி, ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியின் நிறமியைவிட வெப்பத்தையும் புளிப்பையும் நன்கு தாங்குவது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை உணவு நிறமாக ஏற்றது. கரைசல்களிலிருந்து தங்கம், பல்லேடியம், அரிய மண் உலோகங்கள் ஆகியவற்றை இப்பாசி ஈர்த்துக்கொள்வதும் ஆய்வகங்களில் காட்டப்பட்டுள்ளது.

இடர்களையும் மறைக்க மாட்டேன். மாவுச்சத்தை முதலில் நொதி கொண்டு சர்க்கரையாக்க வேண்டும். நம் கழிவுநீரின் புளிப்பு இப்பாசிக்குப் போதாது என்பதால் அமிலம் சேர்க்க வேண்டும், பின்பு அதை நடுநிலைப்படுத்தியே வெளியேற்ற வேண்டும். கிழங்கிலிருந்து வரும் சயனைடை இப்பாசி எந்த அளவுவரை பொறுக்கும் என்று சோதிக்க வேண்டும். ஆனால் அந்தக் கடும் புளிப்பில் வேறு நுண்ணுயிர்கள் எளிதில் நுழைய முடியாது என்பது, திறந்த தொட்டியில் வளர்ப்பவருக்குப் பெரிய அனுகூலம்.

ஆகவே, வரும் அரவைப் பருவத்தில் யாரேனும் ஓர் ஆலையாளர் தம் வளாகத்தில் ஓராயிரம் லிட்டர் தொட்டிக்கு இடமளிக்க வேண்டும். செலவைச் சங்கமே ஏற்று, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தையும் பெரியார் பல்கலைக்கழகத்தையும் சோதனைக்கு அழைக்க வேண்டும். தொட்டிக்குள் செல்லும் நீரையும் வெளிவரும் நீரையும் வாரந்தோறும் அளந்து, முடிவு எதுவாயினும் ஊராருக்கு அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வசிஷ்ட நதிக்கரை வாசி ஒருவன்