நெப்ராஸ்காவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் பார்சலும் போன வாரம் வந்து சேர்ந்தன. அண்ணாநகர் சித்தியின் மாப்பிள்ளை சிகாகோவில் இறங்கியதும் மறக்காமல் தபாலில் போட்டுவிட்டார், அவருக்கு நான் தனியாக நன்றி சொல்லிவிட்டேன். சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளியும் அப்படியே இருக்கின்றன, வடகம் மட்டும் பாதி தூளாகிவிட்டது, பரவாயில்லை, தாளிக்கத்தானே போகிறோம். போனில் அடிக்கடி பேசினாலும் கடிதத்தில்தான் நீ கேட்க நினைத்ததைக் கேட்கிறாய். "அங்கே உனக்குப் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள், உண்மையைச் சொல்" என்று எழுதியிருந்தாயே, அதற்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும் என்றுதான் குட்டியைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர் வீட்டு டிராக்டர் பாட்டியை உனக்குத் தெரியும், தீபாவளியன்று வீடியோ காலில் கையசைத்தார்களே, அவர்கள்தான். எண்பது வயதைத் தாண்டியும் தனியாக இருக்கிறார்கள். பனி விழுந்த மறுநாள் விடிவதற்கு முன்பே புல் வெட்டும் சின்ன டிராக்டரின் முன்னால் இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலைத் தள்ளிவிட்டு, கேட்காமலே நம் வாசலையும் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். நன்றி சொல்லப் போனால் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஒரு நாள் நான் குட்டியின் குளிர் கோட்டில் அறுந்துபோன ஜிப்பைக் கையால் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்து தையலைத் திருப்பிப் பார்த்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள். அம்மா என்றேன். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் காரை வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார்கள், வா போகலாம் என்று. அப்படித்தான் க்வில்ட் கில்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

க்வில்ட் என்றால் மூன்று அடுக்குப் போர்வை அம்மா. மேலே துண்டு துண்டாக வெட்டி இணைத்த துணி, நடுவில் பேட்டிங் என்று ஒரு மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் முழுத் துணி. மூன்றும் நகராமல் இருக்க மேலிருந்து அடிவரை ஊசி இறங்கும்படி பரப்பு முழுவதும் தையல் ஓட்டி, கடைசியில் நான்கு பக்கமும் பட்டி வைத்து ஓரம் அடிக்க வேண்டும். பாட்டி நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் பழைய நூல் புடவையை மடித்து ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு தைத்தார்களே, பஞ்சு இல்லாததைத் தவிர அதுவும் இதே வேலைதான். கில்டு என்பது இதைத் தைப்பவர்களின் சங்கம். இந்த ஊரில் இதற்குப் பெரிய மதிப்பு. லிங்கன் நகரத்தில் இருக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் க்வில்ட்டுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, 1997-ல் ஒரு தம்பதி தாங்கள் சேர்த்துவைத்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட க்வில்ட்களைக் கொடுத்து ஆரம்பித்துவைத்தது. இப்போது உலகம் முழுவதிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கின்றன, சிந்துப் பக்கத்து ரல்லிகூட.

எங்கள் கில்டு ஒரு சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் மாதம் ஒரு முறை கூடும். பெரும்பாலும் பாட்டிகள், ஓய்வுபெற்ற டீச்சர்கள், நர்சுகள், ஒரு விவசாயி தாத்தாவும் உண்டு, அவர் தையல் எல்லோருடையதையும்விட நேராக இருக்கும். கழுத்தில் பெயர்ப் பட்டை மாட்டிக்கொண்டு போக வேண்டும், அதையும் நாமே துணியில் தைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டு வந்தால் கால் டாலர் அபராதம், அந்தக் காசு தர்மப் போர்வைக்குப் பஞ்சு வாங்கப் போகும். முதலில் கணக்கு வழக்கு, அப்புறம் யாராவது ஒருவர் பேச்சு, கடைசியில் ஷோ அண்ட் டெல். அதற்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். தைத்து முடித்தவர் மைக்கைப் பிடித்துக் கதை சொல்ல, இரண்டு பேர் போர்வையின் மேல் நுனிகளைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி நிற்பார்கள், அவர்களுடைய விரல் நுனியும் ஷூவும் மட்டும் தெரியும். பேத்தி காலேஜ் போகிறாள் என்று ஒருத்தர், கணவர் போன வருடம் இறந்தார், அவர் டைகளை வெட்டித் தைத்தேன் என்று ஒருத்தர். யாரும் நீட்டிப் பேச மாட்டார்கள். பின்பக்கத்தைத் திருப்பச் சொல்லிக் கட்டாயம் கேட்பார்கள், ஏனென்றால் பின்பக்க மூலையில் தைத்தவர் பெயர், ஊர், வருடம், யாருக்காக என்பதெல்லாம் எழுதிய ஒரு துணிச் சீட்டு இருக்கும். இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது அம்மா. பாட்டி தைத்த விரிப்புகளில் ஒன்றிலாவது பாட்டி பெயர் இருந்திருக்கக் கூடாதா?

சனிக்கிழமைகளில் கூடித் தைப்பது இன்னும் பிடிக்கும். அவரவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவார்கள். ஒரு மேஜையில் வெட்டுபவர்கள், ஒரு மேஜையில் இஸ்திரி, நடுவில் வரிசையாக மெஷின்கள். கால் அங்குலத் தையல் விடுவதுதான் இங்கே வேதம், ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் மூலைகள் ஒன்றோடொன்று சேராது. ஒரு ஜோடித் துண்டைத் தைத்து முடித்ததும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை ஊசியடியில் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், மெஷினுக்குப் பின்னால் சின்னச் சின்னச் சதுரங்கள் மாவிலைத் தோரணம் போல நூலில் தொங்கிக்கொண்டே தரைக்கு இறங்கும். அதைக் கத்தரித்துப் பிரிப்பது குட்டியின் வேலை, எல்லாப் பாட்டிகளும் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இப்படித் தைப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு வீட்டில் வளர்க்கப்படும் பிள்ளைகளுக்கும் போகும். 2003-ல் ஒரு ராணுவ வீரரின் தாய், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் போர்வை கொடுக்கும் ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார், அதற்கும் கில்டு தைத்துக் கொடுக்கிறது. யாருக்குப் போகிறது என்று தைக்கும்போது தெரியாது. அதற்காக ஒரு தையல்கூடக் குறைவதில்லை.

போன மாதம் கில்டில் ஒரு பாட்டி தவறிவிட்டார்கள். அவர்கள் மகன் நான்கு அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார், பாதியில் நின்ற வேலைகள். கூட்டத்தில் யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொருவராக எழுந்துபோய் ஒன்றொன்று எடுத்துக்கொண்டார்கள். முடித்து, அவர்கள் பெயரையும் முடித்தவர் பெயரையும் சீட்டில் எழுதி, பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுப்பார்களாம். நான் ஓரம் மட்டும் அடிக்க வேண்டிய ஒரு குழந்தைப் போர்வையை எடுத்து வந்திருக்கிறேன். குண்டூசிகள் அவர்கள் குத்தியபடியே இருந்தன.

துணிக்கு நிறையச் செலவாகுமோ என்று நீ யோசிப்பாய். கடையில் நல்ல பருத்தி கஜம் 12 டாலருக்குக் குறையாது, கட்டில் அளவுக்கு மேலும் கீழும் சேர்த்து 15 கஜமாவது வேண்டும், அதெல்லாம் நான் வாங்குவதில்லை. கூடத்தின் வாசலில் ஒரு மேஜை இருக்கும், மிச்சத் துணியை வைக்கலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அது போக உன் மாப்பிள்ளையின் முழுக்கைச் சட்டைகள் இருக்கின்றன. இப்போது வீட்டிலேயே இருந்து வேலை பார்ப்பதால் அவருக்கு டி-ஷர்ட் போதும். காலர், கஃப், பட்டன் பட்டியைப் பிரித்தெடுத்தால் முதுகுப் பக்கம்தான் பெரிய துண்டு, அக்குள் அருகே வெளுத்திருக்கும், அதை ஒதுக்கிவிட வேண்டும், கோடு போட்ட சட்டையென்றால் கோட்டைப் பார்த்து வெட்ட வேண்டும். அதை வைத்து லாக் கேபின் என்ற டிசைன் தைக்கிறேன். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், ஒரு பாதி வெளிர், ஒரு பாதி அடர். நடுச் சிவப்பு வீட்டு அடுப்பு என்று சொல்கிறார்கள். சிவப்புக்கு என் பழைய ரவிக்கைத் துணி. இந்த வருடச் சந்தாவை டிராக்டர் பாட்டி கட்டிவிட்டார்கள், பிறந்தநாள் பரிசு என்று. என் பிறந்தநாள் ஜூலையில்தான் என்று சொல்லியும் கேட்கவில்லை. போர்வை முடிந்துவிட்டால் ராத்திரி ஹீட்டரை இன்னும் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

குளிரைப் பற்றி அப்பா கேட்டிருந்தார். ஜனவரியில் மைனஸ் 20 வரை போனது, மூக்குக்குள் ஈரம் உறைவது தெரியும். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கில்டில் எல்லோரும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் நாளில் நான் புளியோதரை கொண்டுபோனேன், பாத்திரம் காலி. இங்கே சில்லி என்று பீன்ஸும் மாட்டுக்கறியும் சேர்த்த ஒரு குழம்புக்குப் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைத் தொட்டுக்கொள்கிறார்கள், பள்ளிக்கூடச் சாப்பாட்டில் கொடுத்துப் பழகியதாம். எனக்காக ஒருவர் கறி போடாமல் தனியாக ஒரு சட்டியில் செய்து, மூடியின் மேல் என் பெயரை எழுதி வைத்திருந்தார்.

போன கூட்டத்தில் பேச வந்தவர் பழைய அச்சுத் துணிகளைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார். இருநூற்றைம்பது, முந்நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலும் இங்கேயும் பணக்கார வீட்டுப் போர்வைகளில் இருந்த பூக்களில் பல நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி என்றார். மசூலிப்பட்டினம், பழவேற்காடு என்று வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தார், கோடுகளை எழுதுகோலால் வரைந்து, சாயவேரில் சிவப்பேற்றி, துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று ஆகும் சாயம், அங்கத்திய கம்பளி நெசவாளர்களும் பட்டு நெசவாளர்களும் கலகம் செய்து 1700-லும் 1721-லும் அதற்குத் தடைச் சட்டமே போடவைத்தார்கள் என்றார். எல்லாம் சரி, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மெட்ராஸ் என்று திரையில் வந்ததும் கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உன் ஊரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை அம்மா. நாம் எல்லோரும் வேனில் பழவேற்காடு போய், சித்தப்பா படகில் ஏற மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்திருந்தது, திரும்பும் வழியில் உன் மடியில் நான் தூங்கியது, அந்த வெயில், எல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவைத்து அழுதுவிட்டு வந்தேன். டிராக்டர் பாட்டி ஒன்றும் கேட்காமல் என் கோட்டை எடுத்து நீட்டினார்கள். காரில் வரும்போதும் ஒன்றும் கேட்கவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் கபாலி கோயில் தேருக்குத் தொம்பைகள் கட்டுவார்கள் இல்லையா, துணியைப் பூவும் யாளியுமாக வெட்டி மேலே வைத்துத் தைத்தது. ஏழாம் நாள் தேரன்று தம்பியைக் கிட்டே போய்த் தையல் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல். மே மாதக் கூட்டத்தில் என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் டெய்லரிடம் ரவிக்கை பிட் துணி ஒரு பை கேட்டு வாங்கி வை, யாராவது வரும்போது கொடுத்துவிடலாம். அவசரமில்லை.

டிசம்பரில் வருவது இந்தத் தடவை கஷ்டம், இவருக்கு லீவு சரியாக அமையவில்லை, டிக்கெட்டும் ஏறிக்கிடக்கிறது. அடுத்த கோடையில் பார்ப்போம். இந்த மாதம் அப்பா கணக்குக்கு நான் அனுப்புவது பத்துத் தேதிக்கு மேல்தான் வரும், இங்கே கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறோம், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

பில்டர் விஷயத்தில் பெரியப்பா அவசரப்படுத்துவதாக எழுதியிருந்தாய். ஒப்பந்தத்தில் நமக்கு எத்தனை சதுர அடி, பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு, கட்டி முடிக்கும்வரை வாடகை யார் கொடுப்பது, இந்த மூன்றும் எழுத்தில் வராமல் அப்பா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். என் பங்குக்கு பவர் பத்திரம் வேண்டுமென்றால் கான்சுலேட்டில் அத்தாட்சி வாங்கி அனுப்புகிறேன், ஆனால் அது சென்னைக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும், வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல். மந்தைவெளி அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள், அவர்களுக்குத் தெரியாமல் வேண்டாம், அப்புறம் மனஸ்தாபம்.

அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டால் நல்லது, சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட தம்பி பக்கத்தில் இருக்க வேண்டும். தம்பிக்கு வந்திருக்கும் கோயம்புத்தூர் ஜாதகத்தின் நகலை எனக்கும் அனுப்பு, பெண்ணின் படிப்பை மட்டும் எழுதியிருக்கிறாய், வேலைக்குப் போகிற எண்ணம் உண்டா என்று அவளிடமே தம்பி கேட்டானா? வீட்டுப் பத்திரத்தின் பழைய நகல் பீரோவின் மேல்தட்டில், அப்பாவின் சர்வீஸ் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது, நான்தான் வைத்தேன், அதைத் தேடி எடுத்து வக்கீலிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் பெரியவள்