‘புதியவர்களுக்கான’ ஜெட் ஸ்கீ இன்ஜின் கிட்டில் தவறான கையேடு: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்: கிட்டை வாங்கிய வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் ரசீது நகலில் உள்ளன)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: பிஸ்டன் பொருத்தும் திசையைக் கையேடு தலைகீழாகச் சொன்னதால் இன்ஜினுக்கு ஏற்பட்ட சேதம் தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். யமஹா சூப்பர்ஜெட் 650 என்ற ஜெட் ஸ்கீக்கென்று (தண்ணீரில் ஓட்டும் சின்ன வண்டி) நீங்கள் விற்கும் இன்ஜின் புதுப்பிப்பு கிட்டை வாங்கியவன் நான். கிட்டுடன் வந்த கையேட்டில் உள்ளபடியே பிஸ்டன்களை மாட்டினேன். அந்தக் கையேட்டில் திசை தலைகீழாக அச்சாகியிருக்கிறது. வண்டியைத் தண்ணீரில் இறக்கிய கொஞ்ச நேரத்திலேயே பின்பக்க சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் உடைந்து உள்சுவர் கீறிப்போனது. படங்களோடு எழுதிக் கேட்டேன். ‘பொருத்தியதில் ஏற்பட்ட கோளாறு, உத்தரவாதம் செல்லாது, பயிற்சி பெற்ற மெக்கானிக்கை அணுகவும்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

மெக்கானிக்கை அணுகச் சொல்லும் நீங்கள்தான் பெட்டியின் மேல் ‘முதன்முறை செய்பவர்களுக்கு, மெக்கானிக் தேவையில்லை’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செட் எல்லாம் தனித்தனியாகவும் கிடைக்கின்றன. அப்படி வாங்காமல் உங்கள் கிட்டை எடுத்ததற்கு ஒரே காரணம், அந்த 16 பக்கக் கையேடு. நான் காசு கொடுத்து வாங்கிய சரக்கில் அதுவும் ஒன்று. பிஸ்டனில் விரிசல் இருந்தால் மாற்றித் தந்திருப்பீர்கள். கையேட்டில் தப்பு இருந்தால் மட்டும் அது என் பாடு என்று எப்படிச் சொல்ல முடியும்?

வண்டி 1991 மாடல், நின்றுகொண்டு ஓட்டும் ரகம். நெடுங்காலம் ஓடாமல் கிடந்தது. வண்டியின் உடலான ஹல்லுக்குள் இருந்த மிதவை ஃபோம் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். பெட்ரோல் குழாய்கள், ஹேண்டில் கம்பத்தின் புஷ்கள், ஜெட் பம்பின் தேய்மான வளையம் எல்லாம் மாற்றியாயிற்று. அவற்றுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் 633 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கம்பெனி போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 77 மில்லிமீட்டர். சிலிண்டர் தேய்ந்திருந்ததால் 77.50 அளவில் பிஸ்டன் கேட்டு வாங்கினேன். அந்தப் பிஸ்டன்களையே லேத் பட்டறையில் கொடுத்து, அவற்றை அளந்து அதற்கேற்ப போர் செய்து (உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி) ஹோன் போட்டு (சுவரில் நுண்கோடுகள் இழுத்து) வாங்கினேன். பட்டறை எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டை இணைத்திருக்கிறேன். பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி சரியில்லை என்று அடுத்த கடிதத்தில் நீங்கள் சொல்லக்கூடும் என்பதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கிறது. அது எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் பார்க்க வேண்டும் என்பது யமஹாவின் சர்வீஸ் மேனுவலில் உள்ள விஷயம். உங்கள் கையேட்டின் 7-ஆம் பக்கமோ, ‘அம்புக்குறி எக்ஸாஸ்டுக்கு எதிர்த் திசையில் இருக்குமாறு மாட்டவும்’ என்கிறது. கீழே போட்டிருக்கும் படத்திலும் அம்பு அப்படித்தான் இருக்கிறது. எழுத்தில் மட்டும் பிழை என்றால் படம் காட்டிக்கொடுத்திருக்கும். எழுத்தும் படமும் ஒத்துப்போனால், முதன்முறையாக இன்ஜினைப் பிரிக்கும் ஒருவர் எதை வைத்துச் சந்தேகப்படுவார்?

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பது உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எனக்குப் பதில் எழுதியவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டன்தான் மேலும் கீழும் போய் மூடித் திறக்கிறது. ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் இடம் பெரிய துளையின் மேல் ஓடினால், முனை வெளியே துருத்திக்கொண்டு துளையின் விளிம்பில் மாட்டும். அப்படி நேராமல் இருக்கத்தான் ரிங் சுற்றிவிடாதபடி பிஸ்டன் பள்ளத்தில் ஒரு சின்ன முளை (பின்) அடித்திருக்கிறார்கள். அம்பு எக்ஸாஸ்டைப் பார்த்தால் அந்த முளை துளையில்லாத சுவர்ப் பகுதியில் ஓடும். திருப்பி மாட்டினால் எக்ஸாஸ்ட் துளைப் பக்கம் வந்துவிடும்.

பிரித்துப் பார்த்தபோது மேல் ரிங்கின் ஒரு முனை நகக்கண் அளவுக்கு ஒடிந்திருந்தது. எக்ஸாஸ்ட் துளையின் மேல் விளிம்பு அதே இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. ஒடிந்த துண்டு வெளியே போகும் முன் பிஸ்டன் தலையிலும் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டிலும் அம்மை வடு மாதிரி குத்திவைத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் துளைக்குக் கீழே சுவரில் விரலால் தடவினால் தட்டுப்படும் கீறல்.

தொலைபேசியில் பேசியவர், ஆயில் கலவை குறைந்திருக்கும் என்றார். புது பிஸ்டனுக்கான பழக்க ஓட்டம் என்பதால் வழக்கமான 50-க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்பதைவிட ஆயில் கூடுதலாகவே கலந்திருந்தேன். சரி, என் வார்த்தையை நம்ப வேண்டாம், பிஸ்டனைப் பாருங்கள். ஆயில் போதாமல் பிஸ்டன் இறுகிப் பிடித்திருந்தால் அதன் பக்கச் சுவரான ஸ்கர்ட் முழுக்க உரசல் தடம் இருக்கும். இங்கே அந்தக் கீறல் தவிர, சிலிண்டர் சுவரில் ஹோன் கோடுகள்கூட அழியவில்லை. பெட்ரோல் குறைந்து சூடேறியிருந்தால் பிஸ்டன் தலையின் ஓரம் உருகியிருக்கும், பிளக் வெளுத்திருக்கும். பிளக் நல்ல பழுப்பு நிறத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், முன்பக்க சிலிண்டர். அது உடையவில்லை. ஆனால் அதன் ரிங் முனைகளிலும் எக்ஸாஸ்ட் துளை விளிம்பிலும் பளபளவென்று தேய்ந்த தடம் விழத் தொடங்கிவிட்டது. இரண்டு சிலிண்டரிலும் ஒரே இடத்தில் ஒரே காயம். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் கையேடே சொல்கிறது. அதில் உள்ள உருப்படியான யோசனை அதுதான். எடுத்திருக்கிறேன். ஹெட்டை மூடும் முன் எடுத்த படத்தையும் உங்கள் 7-ஆம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது நடந்த பிறகு கையேட்டை வரிவரியாக சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டேன். கரையில் வைத்து இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் பகுதியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘முதலில் தண்ணீர்க் குழாயைத் திறக்கவும், பிறகு ஸ்டார்ட் செய்யவும்’ என்று போட்டிருக்கிறீர்கள். இந்த வண்டி தண்ணீரில் ஓடும்போது குளிர்விக்கும் நீர் ஜெட் பம்பிலிருந்து வருகிறது. இன்ஜின் நின்றால் நீரும் நின்றுவிடும். கரையில் குழாயைச் சொருகினால் அந்தக் காவல் கிடையாது. இன்ஜின் ஓடாதபோது தண்ணீர் மட்டும் போனால், அதை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது. எக்ஸாஸ்ட் நிரம்பி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து கிராங்க் பேரிங்குக்கு எவ்வளவு தூரம்? அதனால்தான் ஸ்டார்ட் செய்த பிறகு தண்ணீர், நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடிவிட்டு அப்புறம் இன்ஜின். குழாய் இணைப்பானை வேறு இடத்தில் வாங்கியிருந்தேன். அதன் அட்டையில் சரியான வரிசை இருந்ததால் இதில் தப்பித்தேன். உங்களிடம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கியவர்களின் கதி என்னவோ.

ஹெட் போல்ட் இறுக்கத்துக்கு ‘28’ என்று எண் மட்டும் இருக்கிறது, அலகு இல்லை. 28 அடி-பவுண்டு என்றால் ஏறக்குறைய 38 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்சில் எந்தக் கோட்டைப் பார்ப்பது? உங்கள் உதவி எண்ணில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. பையில் வேறுவேறு எண் பொறித்த இரண்டு பித்தளை மெயின் ஜெட்கள் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பவை) இருந்தன. கையேட்டில் அவற்றைப் பற்றி மூச்சே இல்லை. போதாக்குறைக்கு ‘கார்புரேட்டரில் எந்த மாற்றமும் தேவையில்லை’ என்று ஒரு வரி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும்; காற்றைத் தாராளமாக விடும் ஃப்ளேம் அரெஸ்டரையும் (கார்புரேட்டர் வாயில் தீயைத் தடுக்கும் வலை) அதே பெட்டியில் வைத்துவிட்டு இப்படி எழுத எப்படி மனசு வந்தது? பெரிய ஜெட்டைப் போட்டு, பிளக்கின் நிறம் பார்த்து நானே சரி செய்துகொண்டேன். பெட்டியில் ‘1990–1995 மாடல்களுக்கு’ என்றிருப்பதையும் பாருங்கள். 1994-லேயே சூப்பர்ஜெட் 701 சிசி இன்ஜினுக்கு மாறிவிட்டது. அதன் போர் 81 மில்லிமீட்டர். அந்த வண்டிக்காரர் இந்தப் பிஸ்டனை வைத்து என்ன செய்வார்?

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பாகங்களின் தரத்தில் எனக்குக் குறையில்லை. பிஸ்டன் எடை இரண்டுக்கும் ஒத்திருந்தது, கேஸ்கெட்டுகள் துளைக்குத் துளை பொருந்தின, உள்ளே வருவதைத் திரும்பிப் போகவிடாத ரீட் இதழ்கள் ஒளி புகாமல் உட்கார்ந்தன. இவ்வளவு நல்ல சரக்கைச் செய்துவிட்டு, அச்சுக்குப் போகும் முன் இன்ஜின் தெரிந்த ஒருவரிடம் கையேட்டைக் காட்டாமல் விட்டதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது.

கிட்டுக்கு நான் கொடுத்த முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். கீறல் ஆழமாக இருப்பதால் 78 அளவுக்குப் போர் செய்ய வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். இரண்டு சிலிண்டருக்குமான அந்தச் செலவையும், 78 அளவு பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செட்டின் விலையையும் நீங்கள் ஏற்க வேண்டும். சிலிண்டரின் உள்உறையான லைனரை எத்தனை முறை வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது. பழைய வண்டிக்கு அதில் ஒரு சுற்று வீணாய்ப் போனதற்கு நான் தனியாக எதுவும் கேட்கவில்லை. உடைந்த ரிங்கையும் இரண்டு பிஸ்டன்களையும் துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், ஆனால் கையொப்பமிட்ட ஒப்புகை இல்லாமல் எடுத்துப்போக விடமாட்டேன்.

இன்னொன்று, பணத்தைவிட இதை முன்னால் செய்யுங்கள். இந்தக் கையேட்டோடு கிட் வாங்கிய எல்லோருடைய முகவரியும் உங்கள் ஆர்டர் பதிவில் இருக்கிறது. 7-ஆம் பக்கமும் தண்ணீர்க் குழாய் வரிசையும் தவறு என்று அவர்களுக்கு இன்றே தெரியப்படுத்துங்கள். ஹெட்டை இன்னும் மூடாதவர்கள் அவர்களில் இருப்பார்கள்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். தொலைபேசியில் பேசி முடிக்க நான் தயாரில்லை. பதில் வராவிட்டால் இதே படங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
ரசீதில் கண்ட வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், கையேட்டின் 7-ஆம் பக்கம், ஹெட்டை மூடும் முன் எடுத்த படம், உடைந்த ரிங் மற்றும் இரு சிலிண்டர்களின் படங்கள், லேத் பட்டறை அளவுச் சீட்டு, உங்கள் மறுப்புக் கடிதம்.