வாக்கர் நடந்தது ரோட்டில் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்மித் கொல்லர், டெய்லர் தையல்காரர், பேக்கர் ரொட்டி சுடுபவர் என்பதெல்லாம் சரி. ‘வாக்கர்’ வந்த இடத்தில்தான் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார். ‘நிறைய நடந்து திரிந்தவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நடை இருந்தது உண்மைதான். ஆனால் அது நடந்தது ரோட்டில் அல்ல, தொட்டிக்குள்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை அப்படியே போட்டுக்கொள்ள முடியாது. இழைகள் விலகி விலகி இருக்கும், ஆட்டு ரோமத்தின் பிசுக்கு வேறு ஒட்டியிருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் நாள்பட்ட சிறுநீரும் ஊற்றி, ஆட்கள் இறங்கி மணிக்கணக்காக மிதிப்பார்கள். சிறுநீர் என்று எழுதியது அச்சுப்பிழை அல்ல. பழசாகும்போது அதில் உண்டாகும் அமோனியா எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். ரோமானியர் காலத்திலேயே சலவைப் பட்டறைக்காரர்கள் இதைத் தெருவில் பானை வைத்துச் சேகரித்தார்கள், வெஸ்பாசியன் என்ற பேரரசர் அதற்கும் வரி போட்டார். களிமண் வேறெதுவும் இல்லை, நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மிட்டியின் சொந்தக்காரன். இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் அதை வெட்டி எடுத்தார்கள். துணித் தொழிலுக்கு அது அவ்வளவு முக்கியம் என்பதால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவே தடை போட்ட காலமும் உண்டு.

ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. ஈரத்திலும் சூட்டிலும் மிதிபடும்போது அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டிப்படும். (கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்துப் பாழாக்கியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.) அப்புறம் மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். இந்த மிதிக்காரர்தான் வாக்கர். பழைய ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லுக்கு உருட்டுதல், புரட்டுதல் என்றுதான் பொருள். காலால் நடப்பது என்ற பொருள் பின்னால் வந்தது.

கட்டுரை முழுவதுமாக விட்டுவிட்ட ஒரு சங்கதி இருக்கிறது. இதே வேலைக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள். வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கமும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். தென்கிழக்கே சஃபோக், கென்ட், சஸெக்ஸ் பக்கம் ஃபுல்லர். தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். தொட்டி ஒன்று, நாற்றமும் ஒன்று, ஊருக்கு ஊர் கூப்பிட்ட பெயர்தான் வேறு. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போட்ட வரைபடங்களில்கூட மூன்று பெயர்களும் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியிலேயே திரண்டு கிடக்கின்றன. அதற்குள் ரயில் வந்து, நீராவி ஆலை வந்து, ஜனங்கள் ஊர் விட்டு ஊர் போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் பெயர் தன் பிறந்த ஊரை முழுசாக விடவில்லை. டெவனின் எக்ஸிடர் நகரில் நெசவாளர்களும் இந்த மிதிக்காரர்களும் 1471-இல் கட்டிக்கொண்ட சங்கக் கட்டடம் இன்றும் டக்கர்ஸ் ஹால் என்ற பெயரோடு நிற்கிறது.

டக்கர் என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாளையங்கோட்டையின் சாராள் தக்கர் கல்லூரியில் இருப்பது இதே பெயர்தான். 1895 முதல் கல்லூரியாக இருக்கும் அந்த நிறுவனம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்த சாரா டக்கர் அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் மிஷன் செயலராக இருந்த ஜான் டக்கர் பாதிரியாரின் சகோதரி அவர். அண்ணன் தங்கை இருவரும் தொட்டி பக்கமே போயிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். தமிழில் ‘தக்கர்’ என்று எழுதுவதால் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. சென்னை தியாகராய நகரில் தக்கர் பாபா வித்யாலயா இருக்கிறது அல்லவா, அந்தத் தக்கர் குஜராத்தி. இரண்டையும் ஒரே குடும்பமாக்கி விளக்கம் சொன்னவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தப் பெயர்கள் நிலைத்த காலமும் கவனிக்கத்தக்கது. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தண்ணீர்ச் சக்கரத்தால் மரச் சம்மட்டிகளைத் தூக்கித் துணியை இடிக்கும் ஆலைகள் இங்கிலாந்தில் வந்துவிட்டன. டெம்ப்ளர் துறவு வீரர்களின் சொத்துகளைப் பற்றி 1185-இல் எடுத்த கணக்கில் அவை இடம்பெறுகின்றன. தகப்பன் பெயரே மகனுக்கும் என்ற வழக்கம் சாதாரண ஜனங்களிடம் பரவியதோ 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். அதாவது பல ஊர்களில் மனிதக் கால் தொட்டியை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தத் தொழிலின் பெயர் குடும்பத்தின் பெயராக உறைந்தது. ஆலையை நடத்தியவரையும் வாக்கர் என்றே அழைத்தார்கள் என்பதால் பெயருக்கு வேலை குறையவில்லை. நியூகாசில் அருகே வாக்கர் என்ற ஊர் இருக்கிறது, அந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டவர்கள் சிலரும் உண்டு. அது சிறு பங்குதான்.

பிரிட்டனில் மிகப் பரவலான முதல் 20 குடும்பப் பெயர்களுக்குள் வாக்கர் வருகிறது. ஃபுல்லரும் டக்கரும் அந்த வரிசைக்குள் வரவில்லை. வாக்கர் என்று அழைத்த பரப்பு பெரிது, அதோடு தொழிற்புரட்சியில் மக்கள்தொகை ஊதிப் பெருத்ததும் அந்த வட பகுதிகளில்தான். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கர்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின அமெரிக்கர்கள். இவர்களில் பலரின் முன்னோர்கள் அடிமைமுறை விட்டுச்சென்ற ஆங்கிலப் பெயரைச் சுமந்தவர்கள், யார்க்‌ஷயர் தொட்டியோடு எந்த உறவும் இல்லாதவர்கள். எல்லோருக்கும் தெரிந்த வாக்கர் என்றால் ஜானி வாக்கர் விஸ்கி பாட்டில் மேல் தொப்பியும் கைத்தடியுமாக நடக்கிறாரே அவர்தான். 1820-இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக்கடை போட்ட ஜான் வாக்கரின் பெயர் அது. நடக்கும் படத்தை டாம் பிரௌன் என்ற ஓவியர் வரைந்தது 1908-இல். உங்கள் கட்டுரையாளர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பொருள் எழுதினாரோ என்று சந்தேகம்.

கட்டுரையின் கடைசிப் பத்தியோடு எனக்கு நிஜமாகவே சண்டை. ‘இன்றைய வாக்கர்கள் எல்லோரும் ஒரே மூதாதையின் வாரிசுகள்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘வாக்கர் குலச்சின்னம்’ பொறித்த காபிக் கோப்பையின் படத்தையும் போட்டிருந்தீர்கள். தொழில் பெயர் அப்படி வருவதில்லை. துணி நெய்த ஊருக்கெல்லாம் ஒரு மிதிக்காரர் இருந்தார், ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை எடுத்து, அவற்றைக் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமை (தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது) ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே ஆண்வழியைக் காட்டினார்கள். ஸ்மித்துகளோ, தெருவில் போகிற யாரோ இருவரைவிட நெருங்கிய உறவாகத் தெரியவில்லை. வாக்கரும் ஸ்மித் ரகம்தான். குலச்சின்னம் ஒரு தனிமனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, ஒரு பெயருக்கு அல்ல. இதை லண்டனில் சின்னங்களைப் பதிவு செய்யும் அலுவலகமே சொல்கிறது. அந்தக் கோப்பை கடைக்காரனின் கற்பனை. அதில் காபி குடிக்கலாம், வரலாறு கிடைக்காது.

தொடரின் அடுத்த பகுதியில் ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்களை எடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். பென்னிகுயிக்கை விட்டுவிடாதீர்கள். எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் பெனிகுயிக் என்ற ஊரிலிருந்து வந்த பெயர் அது. அந்த ஊர்ப் பெயருக்குக் குயில் குன்று என்று பொருள் சொல்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் என்பதால் தேனிப் பக்கம் பிள்ளைகளுக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள், படித்தால் சந்தோஷப்படுவார்கள்.

அன்புடன்,
வாசகர்,
பாளையங்கோட்டை