பதினைந்து நிமிட பெர்மிட்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது குரல் சரியில்லை. மெல்பர்ன் ஆபீசில் ஏதோ மென்பொருள் வந்து மூன்று பேர் எழுதும் அறிக்கையை அதுவே எழுதித் தருகிறது என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 1984-ல் இங்கே சிங்கப்பூரில், ஆன்சன் ரோட்டில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தபோது என் விரலெல்லாம் கார்பன் நீலம். ஒரு சரக்குக்குச் சில சமயம் 35 ஃபாரம் வரை போகும், டைப்ரைட்டரில் ஓர் எழுத்து தப்பினால் அடியில் இருக்கும் நகல் ஒவ்வொன்றையும் திருத்தவேண்டும், அப்புறம் டெஸ்பாட்ச் மாமா அதைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராக அலைந்து சரக்குக்கான சுங்க பெர்மிட் வாங்கி வர இரண்டு நாளாகும், நான்கு நாளும் ஆகும். கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. துணி போர்த்தி வைத்திருப்பார்கள், பக்கத்தில் கோப்பி கொண்டுபோனால் திட்டு. லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளில் கணக்கு போடுவது மட்டும்தான். கம்ப்யூட்டரில் சேமிக்கச் செருகும் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி வட்டில் 360 கிலோபைட் பிடிக்கும். நீ அனுப்புகிற பேரன் படம் ஒன்றுக்கே எட்டு பத்து ஃபிளாப்பி வேண்டும். பிரிண்டர் தாளின் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகக் கிழியுமே, அந்தக் கீற்றுகளை மடித்து ஸ்பிரிங் செய்து விளையாடினாய், ஞாபகம் இருக்கிறதா?

1989 ஜனவரியில் டிரேட்நெட் வந்தது, பெர்மிட்டைக் கம்ப்யூட்டர் வழியே கேட்டு வாங்கும் ஏற்பாடு. அத்தனை ஃபாரத்துக்கும் ஒரே மின்ஃபாரம், பதினைந்து நிமிடத்தில் பதில். முதல் பெர்மிட் திரையில் வந்தபோது மேனேஜர் நம்பாமல் கவுண்டருக்குப் போன் போட்டுக் கேட்டார்.

மாமாவுக்குத்தான் வேலை போனது. அதை நான் உன்னிடம் மறைக்கப் போவதில்லை, அவருக்கு ஐம்பது வயது, யாரும் அவரைக் கூப்பிட்டு விசைப்பலகை சொல்லித்தரவில்லை, நான் உட்பட. என் வேலை தப்பியதற்குத் திறமையெல்லாம் காரணமில்லை. சுங்க ஃபாரத்தில் உளுந்துக்கு ஒரு குறியீடு, உளுத்தம் மாவுக்கு வேறு குறியீடு. அது எனக்குத் தெரியும், மெஷின் நான் தட்டியதை அப்படியே அனுப்பும், அவ்வளவுதான்.

உன் மென்பொருள் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்பாய். இருக்கட்டும், எங்கே தப்பு விடுகிறது என்று அடுத்த வாரம் சொல்.

அம்மா சாம்பார் பொடி அனுப்புகிறாள். சுங்க ஃபாரத்தை ஆன்லைனில் நானே நிரப்பினேன். அது மசாலாக் கலவையா, சமையல் சேர்மானமா என்று குறியீடு தேடவே அரை மணி நேரம் போய்விட்டது.

அப்பா
ஈசூன்